பற்றரிக்கு வைத்த பொட்டு

மானிப்பாயில் பஸ்ஸை விட்டு இறங்கி, லேனர்ஸ் நிரோஜினியின் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் மட்டுமல்ல, கடைக்குச் சாமான் வாங்க வந்தவரும் கையை நீட்டிக் காட்டுவார். கார் ஓடப் பழக்குகிற இடத்தை எங்கள் பக்கத்தில் லேனர்ஸ் என்றுதான் சொல்லுவோம். நிரோஜினி பெண்களுக்கு மட்டும் பழக்குகிறாள். அவளிடம் இருப்பது ஒரேயொரு கார். பழைய ஜப்பான் கார், வெள்ளை, முன்னும் பின்னும் எல் பலகை. ஆளைப் பார்த்தால் முருங்கைக்காய் போல ஒல்லி. வாய் மட்டும் பெரிது. தான் செய்த நல்ல காரியத்தைத் தானே நாலு பேருக்குச் சொல்லுவாள். அடக்கமில்லாத பெட்டை என்று சிலர் முகத்தைச் சுழிப்பதுண்டு. செய்தவள் சொல்லாமல் வேறு யார் சொல்லுவது? என்னைக் கேட்டால் அவள் குறைத்துத்தான் சொல்லுகிறாள். மிச்சத்தை நான் சொல்லுகிறேன்.

என் பெயர் கமலாவதி. ஊர் சண்டிலிப்பாய். வயது ஐம்பதைத் தாண்டிக் கொஞ்சக் காலமாகிறது. இந்த வயதில் உனக்கு எதற்குக் கார் என்று கேட்கிறவர்களுக்கு நான் ஒரு பதில் வைத்திருக்கிறேன், அது எழுத்தில் போடக்கூடியதல்ல. உண்மையான காரணம் இதுதான். என் மனுசன் பிரகலாதன் ஓடித் திரிந்த கார் எங்கள் முற்றத்தில் தறப்பாள் போர்த்தி நிற்கிறது. சீனி வருத்தம் அவருடைய கண்பார்வையைக் கொண்டுபோய்விட்டது. கிளினிக்குக்குப் போவதென்றாலும் கோயிலுக்குப் போவதென்றாலும் யாராவது மனம் வைத்து வந்து ஏற்றினால்தான் உண்டு. பிள்ளைகள் இரண்டும் கனடாவிலிருந்து, அதை வித்துப்போட்டு நிம்மதியாக இருங்கள் என்று போனில் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் பின்னேரம் ஆளைக் காணவில்லை என்று தேடினால், மனுசன் தறப்பாளுக்குள் புகுந்து, கார்க் கதவைத் திறந்து, ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. அடுத்த நாளே நிரோஜினியின் படலையைத் தட்டினேன்.

அவளிடம் பழகுவது சுகமான வேலை என்று நினைக்க வேண்டாம். பக்கத்து ஆசனத்தில் இருப்பாள். லேனர்ஸ் கார்களில் பழக்குகிறவருக்கும் காலடியில் ஒரு பிறேக் இருக்கும். அந்த இரண்டாவது பிறேக்கின் மேல் அவளுடைய கால் எப்போதும் தொட்டும் தொடாமலும் நிற்கும். கதைப்பாள், சிரிப்பாள், வழியில் போகிற ஆட்டுக்கும் மாட்டுக்கும் பேச்சுக் கொடுப்பாள், அந்தக் கால் மட்டும் அசையாது. நான் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அசையாது. எனக்கு அது பெரிய மனக்குறை. ஒருநாள் கேட்டே விட்டேன். உங்களை நம்பாமல் இல்லை அன்ரி, ரோட்டை நம்பேல்லை என்றாள். பொய். என்னைத்தான் நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணமும் இருந்தது. ட்றயலில், அதுதான் லைசென்ஸ் எடுக்கிற ஓட்டச் சோதனையில், நான் இரண்டு தரம் கோட்டை விட்டவள். முதல் தரம் பின்னால் எடுக்கும்போது கம்பத்தை இடித்துச் சாய்த்தேன். இரண்டாம் தரம் ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. மூன்றாம் தரத்துக்கு லைசென்ஸ் கந்தோரில் கொடுத்த திகதி விஜயதசமி அன்று. என் பழகுநர் பத்திரம் அந்தக் கிழமையோடு முடிகிறது. அன்றைக்கு ஓடிக் காட்டாவிட்டால், எழுத்துச் சோதனையிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும். இன்னொரு முறை தொடங்க எனக்குத் தெம்பு இல்லை, வீட்டில் அதுவரை காரை விற்காமல் வைத்திருக்கப் போவதும் இல்லை. இதெல்லாம் நிரோஜினிக்குத் தெரியும்.

இனி அவளுடைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏ.எல். சோதனை எடுத்த கையோடு யாழ்ப்பாண ரவுணில் ஒரு மோட்டார் உதிரிப்பாகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவள். முதலாளி சிமியோன் நல்ல மனுசன். கடைக்கு வருகிறவர்கள்தான் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ என்று கேட்பார்களாம். இருக்கினம், ஆனா சாமான் இருக்கிற இடம் எனக்குத்தான் தெரியும் என்பாளாம். எந்தக் காருக்கு எந்த பெல்ற், எந்த பியூஸ், எந்த பல்ப் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு சாமானை வாங்கிப் போய், பிழையாகப் பூட்டி, உடைத்துக்கொண்டு திரும்பி வருகிறவர்களிடம் எங்கே பிழைத்தது என்று நோண்டி நோண்டிக் கேட்பாள். ஊரார் உடைத்ததில் பாதிப் படிப்புப் படித்தவள் அவள்.

லேனர்ஸ் தொடங்குவதற்காகக் கடையை விட்டு விலகியபோது, சிமியோன் முதலாளி ஒரு நல்ல சேலை எடுத்துத் தருகிறேன் என்றாராம். இவள் சேலை வேண்டாம் என்றுவிட்டு, தன் காருக்குப் போகிற பியூஸில் ஒவ்வொன்று கேட்டு வாங்கி, ஐஸ்கிறீம் பெட்டியொன்றில் போட்டுக்கொண்டு வந்தாள். இதைக் கேள்விப்பட்ட நாளில், இவளுக்கு விசர் என்றுதான் நான் நினைத்தேன்.

ட்றயலுக்கு முதல்நாள் சரஸ்வதி பூசை. எங்கள் ஊர்களில் அன்றைக்குப் புத்தகம், ஆயுதம், வாகனம் எல்லாவற்றுக்கும் பூசை நடக்கும். நிரோஜினியின் தகப்பன் ஏரம்பு அண்ணைக்கு இந்த விசயங்களில் ஒரு மயிரிழை பிசகக்கூடாது. காரைத் தானே கழுவி, மாலை போட்டு, நாலு சில்லுக்கும் சந்தனம் தடவினார். அதோடு விட்டிருக்கலாம். எஞ்சினுக்கு உயிர் கொடுப்பது பற்றரிதானே என்று பொனற்றையும் திறந்து, பற்றரிக்கும் சந்தனம் பூசி, நல்ல பெரிதாக ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார். சாமி அறையில் விளக்கு எரிகிறது, காருக்கும் வெளிச்சம் வேண்டாமா என்று சின்ன லைற்றைப் போட்டவர், நிற்பாட்ட மறந்து போய்ப் படுத்துவிட்டார்.

காலையில் நான் முதல் பஸ்ஸில் போய் இறங்கினால், நிரோஜினி ஸ்ரியறிங்கில் இருந்து திறப்பைத் திருகுகிறாள், கார் 'டிக்' என்கிறது, அவ்வளவுதான். பற்றரி வெறுமையாகிவிட்டது. அவள் பதறவில்லை. பக்கத்து வீட்டு நிருஷனைக் கூப்பிட்டாள். மரக்கறி ஏற்றிச் சந்தைக்குப் போகிற சின்ன லொறி வைத்திருப்பவன், கூப்பிட்ட குரலுக்கு வருகிறவன். லொறிப் பற்றரியிலிருந்து வயர் கொடுத்தால் கார் ஸ்ராட் ஆகிவிடும், அஞ்சு நிமிச வேலை என்றான். நிரோஜினி பத்திரங்களை எடுத்துவர உள்ளே போனாள். சந்தைக்குப் பிந்துகிறதே என்று நிருஷன் அவசரப்பட்டான். சிவப்பு வயரைச் சிவப்புக்கும் கறுப்பை மற்றதுக்கும் கொடுத்தான்.

'டப்' என்று ஒரு சத்தம். நெருப்புப் பொறி. கருகின மணம். அதுவரை மங்கலாகவாவது எரிந்த லைற் எல்லாம் அணைந்து போனது. ஹோனை அடித்துப் பார்த்தால் அதுவும் ஊமை.

நிரோஜினி ஓடி வந்து வயர்களைக் கழற்றி எறிந்தாள். பற்றரியைக் குனிந்து பார்த்தாள், வீங்கவில்லை, வெடிக்கவில்லை. பிறகு அந்தப் பெரிய பொட்டை விரலால் வழித்தாள். குங்குமத்துக்குக் கீழே கழித்தல் குறி தெரிந்தது. மற்றப் பக்கத்துச் சந்தனத்தை வழித்தாள். அங்கே கூட்டல் குறி. கூட்டல் பக்கத்தில் இருக்க வேண்டிய சிவப்பு மூடி எப்போதோ உடைந்து போயிருந்தது.

"தம்பி, நீ சிவப்பைப் பாத்துத்தான் குடுத்தனி. ஆனா அது ஐயா வைச்ச பொட்டு" என்றாள்.

நிருஷனின் முகம் செத்துப்போனது. ஏரம்பு அண்ணை சால்வையைச் சரிசெய்தார், தொண்டையைச் செருமினார், சாமிக்குச் செய்ததிலை பிழை வராது என்று முணுமுணுத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சால்வையால் அவரை மாமரத்தில் கட்டிப்போட்டிருப்பேன். வயதுக்கு மரியாதை கொடுத்து வாயை மூடிக்கொண்டேன். தறப்பாளுக்குள் இருந்த மனுசன்தான் கண்ணுக்கு முன்னால் வந்தார்.

நிரோஜினி மெக்கானிக்குக்குப் போன் எடுத்தாள். ஆயுதம் எல்லாம் பூசையில் கிடக்கிறது, நல்ல நேரம் பார்த்து எடுத்த பிறகுதான் கராஜ் திறப்பேன் என்றான். அந்த நல்ல நேரம் வருவதற்குள் என் பெயரைக் கூப்பிட்டு முடித்திருப்பார்கள். வேறு லேனர்ஸ்காரருக்கு எடுத்தாள். அவர்களுடைய கார்களில் அவர்களுடைய ஆட்களே நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள். நான் படிக்கட்டில் குந்திவிட்டேன். விடு பிள்ளை, எனக்கு எழுதினது இவ்வளவுதான் என்றேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அன்ரி, எழும்புங்கோ. இது மெயின் பியூஸ் போனது. உள்ளுக்குக் கிடக்கிற மிச்சச் சாமானைக் காப்பாத்திப்போட்டுத்தான் அது செத்திருக்கு. பியூஸ் என்னட்டைக் கிடக்கு. ரோச்சைப் பிடியுங்கோ" என்றாள்.

ஐஸ்கிறீம் பெட்டி வந்தது. அன்றைக்குத்தான் அந்தப் பெட்டியைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. ஆனால் ஸ்பனர்? ஸ்பனர் பெட்டி சாமி அறையில், சரஸ்வதி படத்துக்கு முன்னால், வெள்ளைத் துணி விரித்து, பூப் போட்டு, புத்தகங்களோடு அடுக்கியிருந்தது. ஏரம்பு அண்ணை வாசலில் குறுக்கே நின்றார். பூசையில் வைத்ததை மறுபூசை செய்யாமல் தூக்கக் கூடாது, நேரம் வரட்டும் என்றார். நிருஷன் தன் லொறியில் இருப்பது குறடு ஒன்றுதான் என்றான். குறட்டால் ஆகாது என்றாள் நிரோஜினி.

தகப்பனோடு சண்டை பிடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். நான் என்றால் பிடித்திருப்பேன். அவள் கை காலைக் கழுவிவிட்டு வந்து அவருக்கு முன்னால் நின்றாள்.

"ஐயா, இண்டைக்கு விஜயதசமி. சின்னனிலை அரிசியிலை எனக்கு 'அ' எழுதப் பழக்கேக்கை விரலைப் பிடிச்சது ஆர்?"

"நான்தான். வேறை ஆர்?"

"நான் பியூஸ் வித்திருக்கிறன். ஒருநாளும் பூட்டினதில்லை. இண்டைக்குத்தான் தொடங்கப் போறன். எனக்கு நீங்கள்தான் எடுத்துத் தரவேணும்."

ஏரம்பு அண்ணை அவளைப் பார்த்தார். படிக்கட்டில் நின்ற என்னையும் பார்த்தார். உள்ளே போனார். மணி கிலுங்கியது, கற்பூரம் மணத்தது. நல்ல நேரத்துக்கு முன்னால் அந்த வீட்டில் மறுபூசை நடந்தது அன்றைக்குத்தான் முதல் தரமாக இருக்கும். ஸ்பனரைக் கண்ணில் ஒற்றி, இரண்டு கையாலும் பிடித்து அவளிடம் கொடுத்தார். கொடுக்கும்போது அவளுடைய விரல்களை ஒருமுறை மூடிப் பிடித்தார். அந்த நேரம் அவர்மேல் இருந்த கோபம் எனக்குப் பாதி போய்விட்டது. மற்றப் பாதி இன்னும் இருக்கிறது.

பூட்டினதில்லை என்று அவள் சொன்னதுதான் எனக்குக் காதுக்குள் நின்றது. இவ்வளவு வாய்க்காரி அதை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

முதலில் பற்றரியின் கழித்தல் பக்க வயரைக் கழற்றி ஒதுக்கி வைத்தாள். பிறகு பக்கத்தில் இருந்த கறுப்புப் பெட்டியின் மூடியைத் திறந்தாள். நான் ரோச் அடித்தேன். உள்ளே நிறம் நிறமாகச் சின்னப் பியூஸ்கள் நிரையாக இருந்தன. ஓரத்தில் பெரிதாக ஒன்று, மேலே கண்ணாடி போல ஒரு மூடி. அதற்குள் பார்த்தால் பாலம் போல இருக்க வேண்டிய தகடு உருகி அறுந்து, சுற்றிலும் கரி பிடித்திருந்தது. ஆளைப் பிடித்தாயிற்று. நிருஷன் குறட்டைக் கொண்டுவந்து அதன் தலையைக் கவ்வப் போனான். நிரோஜினி அவனுடைய கையைத் தட்டிவிட்டாள்.

"இழுக்காதை. சின்னனுகள்தான் இழுத்தா வரும். இது அடியிலை நட்டுப் போட்டு முறுக்கினது. உப்பிடி இழுத்துப் பெட்டியை உடைச்சுப்போட்டு வந்த எத்தினை பேருக்கு நான் புதுப் பெட்டி வித்திருக்கிறன் தெரியுமோ?"

பெட்டியின் கிளிப்புகளை நெம்பிச் சரித்தாள். பக்கத்தில் அடியில் இரண்டு சின்ன நட்டு தெரிந்தது. ஒன்று நல்ல பிள்ளையாகக் கழன்றது. மற்றது பிடிவாதம். ஸ்பனர் வழுக்கி அவளுடைய விரல் முட்டியில் தோல் போனது. முகம் துடைக்கிற லேஞ்சியைச் சுற்றிக்கொண்டு மறுபடி பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல மெல்ல அழுத்தினாள், அது இளகியது. இளகின வேகத்தில் கையை விட்டு நழுவி எஞ்சினுக்குள் எங்கோ விழுந்தது.

நான் காருக்குக் கீழே, நிலத்தில் முழங்காலைக் குத்தி, கட்டியிருந்த நல்ல சேலையைப் பற்றிக் கவலைப்படாமல் ரோச் அடித்துத் தேடினேன். மண்ணில் இல்லை. மேலே அடித்தேன். இரண்டு குழாய்களுக்கு நடுவில் ஒரு மினுக்கம். நிருஷனின் கை போகாது, அது உலக்கை. அந்த முருங்கைக்காய்க் கை உள்ளே போனது, முழங்கை வரைக்கும் போனது, நட்டோடு திரும்பி வந்தது. ஒல்லி ஒல்லி என்று அவளை எத்தனை தரம் பகிடி பண்ணியிருப்பேன். அன்றோடு விட்டுவிட்டேன்.

பழைய பியூஸில் நூறு என்று எழுதியிருந்தது. ஐஸ்கிறீம் பெட்டியிலிருந்து எடுத்ததிலும் நூறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து எனக்குக் காட்டினாள், நான் ஏதோ பெரிய அதிகாரி போல. கூடின இலக்கம் போட்டால் பியூஸ் தப்பும், கார் எரியும் என்றாள். கரியைத் துடைத்தாள். புதியதை வைத்தாள். இரண்டு நட்டையும் முறுக்கினாள். மூடியைப் போட்டாள். கழித்தல் வயரைத் திரும்பப் பூட்டினாள். ஒரு விநாடி நின்று மூச்சை இழுத்துவிட்டு, உள்ளே கையை நீட்டி ஹோனை அமத்தினாள். சளி பிடித்த மாதிரி மெலிந்த சத்தம், ஆனால் சத்தம். அந்தச் சத்தத்துக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இதை நான் எங்கேயும் ஒளிக்கப் போவதில்லை.

லொறி வயரை இந்தமுறை அவளே கொடுத்தாள். சந்தனம் குங்குமம் முழுவதையும் துடைத்து, குறியை நிருஷனைக் கொண்டு வாய்விட்டு வாசிப்பித்து, கறுப்பு வயரின் கடைசி முனையைப் பற்றரியில் கொடுக்காமல் எஞ்சின் இரும்பில் கவ்வவிட்டாள். திறப்பைத் திருகினாள். கார் ஒரு முனகல் முனகி, பிறகு ஒரேயடியாக முழங்கியது. பற்றரிச் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. கரண்ட் ஏறுது, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு, நான் பூட்டினன் பாத்தியளோ, நான் பூட்டினன் என்று முற்றமெல்லாம் சொன்னாள். சொல்லட்டும், ஊர் முழுக்கச் சொல்லட்டும்.

ஏரம்பு அண்ணை குங்குமச் சிமிழோடு வந்து நின்றார். எனக்குப் பக்கென்றது. நிரோஜினி சிரித்துவிட்டு, பியூஸ் பெட்டியின் வெளி மூடியைக் காட்டினாள். அதில் மட்டும் அளவாக ஒரு பொட்டு வைத்தார்.

வழியில் அவள்தான் ஓடினாள். ஸ்ரியறிங்கில் லேஞ்சி சுற்றின விரல். அரைவழியில்தான் எனக்கு விசயத்தைச் சொன்னாள். இந்த ஓட்டத்தில் பற்றரிக்கு முழுதாகக் கரண்ட் ஏறாது. ட்றயல் நடக்கிற மைதானத்தில் எஞ்சினை நிற்பாட்டாமல் வைத்திருக்க வேண்டும். ஓடிக் காட்டும்போது நான் எஞ்சினை நிற்கவிட்டால் அது திரும்ப ஸ்ராட் வருமோ தெரியாது. போன தரம் ஏற்றத்தில் எஞ்சினை நிற்கவிட்டவளிடம் சொல்லுகிற கதையா இது? பிள்ளை, இதை எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாமே என்றேன்.

"பொய் சொல்லி உங்களை ஏத்திவிட எனக்கு விருப்பமில்லை அன்ரி. கிளச்சை ஆறுதலா விடுங்கோ. நான் பூட்டினது நிக்கும். நீங்கள் பழகினதும் நிக்கும்."

என் பெயரைக் கூப்பிட்டார்கள். சோதனை எடுக்கிற ஐயா பக்கத்தில் ஏறினார். கீழே அந்த இரண்டாவது பிறேக்கில் நிரோஜினியின் கால் இல்லை, அவள் மதிலோரம் நிற்கிறாள். பின்னால் எடுத்தேன், கம்பங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ரோட்டுக்கு விட்டார். ஏற்றம் வந்தது, நிற்பாட்டச் சொன்னார், நின்றேன். எடுக்கச் சொன்னார். கார் ஒருமுறை நடுங்கியது. எனக்கு அந்த அறுந்த தகடு நினைவுக்கு வந்தது, தோல் போன விரல் நினைவுக்கு வந்தது. இந்தப் பெட்டையின் உழைப்பை நான் நிற்கவிடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். கிளச்சை ஆறுதலாக விட்டேன். கார் ஏறியது.

பாஸ் என்று ஐயா எழுதிய பிறகு நான் மதிலோரம் போனேன். அவளுக்கு நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. என் முகமே சொல்லியிருக்கும். அங்கே நின்ற மற்ற லேனர்ஸ்காரர்களிடம், இது என்ரை ஆள், கார் நான் திருத்தினது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்கு எத்தனை வாய் இருந்தாலும் போதாது.

திரும்பி வரும்போது திறப்பை என்னிடம் தந்தாள். ரவுணைத் தாண்டும்வரை ஏதோ கதைத்துக்கொண்டே வந்தாள். பிறகு கதை நின்றது. என்ன, பிள்ளையின் சத்தத்தைக் காணவில்லை என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் ஆசனத்தின் மேல் மடக்கி வைத்து, கதவில் தலையைச் சாய்த்து நித்திரை. கீழே அந்தப் பிறேக் தனியே கிடந்தது.

ஒரு குழியிலும் விழுத்தாமல் ஓடினேன். பஸ்காரன் பின்னால் நின்று ஹோன் அடித்தான், ஆடு குறுக்கே வந்தது, நான் நிற்பாட்டி நிற்பாட்டி எடுத்தேன், அவள் எழும்பவில்லை. மானிப்பாயில் அவளுடைய படலையடியில் கொண்டுவந்து மெல்ல நிறுத்தினேன். அப்போதுதான் திடுக்கிட்டு விழித்தாள். கால் உடனே பிறேக்கைத் தேடியது.

"அன்ரி, நான் நித்திரை கொண்டிட்டனோ?"

"ஓம் பிள்ளை. நான் வீட்டை கொண்டுவந்திட்டன்" என்றேன்.